நான்கு நாட்களில் தோற்ற போர்: 1940-இல் பிரான்ஸ்

1940 மே 15 காலை ஏழரை மணிக்கு லண்டனில் வின்ஸ்டன் சர்ச்சிலைத் தொலைபேசி எழுப்பியது. மறுமுனையில் பிரெஞ்சுப் பிரதமர் போல் ரெனோ. நாங்கள் தோற்றுவிட்டோம் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். சர்ச்சிலுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பிரதமராகி ஐந்து நாட்களே ஆகியிருந்தன. மேற்கில் ஜெர்மனி தாக்கத் தொடங்கியும் அதே ஐந்து நாட்கள்தான். பாரிஸ் இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி எதிரியை இன்னும் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் ரெனோ சொன்னது சரி. அதற்குப் பிறகு நடந்த ஐந்து வாரச் சண்டையும் அந்த முடிவை மாற்றவில்லை.

இந்தத் தோல்விக்கு ஊரறிந்த விளக்கங்கள் இரண்டு உண்டு. எல்லையில் மாஜினோ அரண் என்ற பெயரில் கோடிகளைக் கொட்டிச் சுவர் கட்டிவிட்டு அதன் பின்னால் தூங்கினார்கள் என்பது ஒன்று. பிரெஞ்சுச் சிப்பாய்க்குச் சண்டை போட மனமில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சொல்ல எளிது, இரண்டும் பெரும்பாலும் தவறு. அரண் தன் வேலையைச் செய்தது. சிப்பாய்களும், தோற்ற படை என்ற பட்டத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பல இடங்களில் சண்டையிட்டார்கள். தலைமை மட்டும் தவறிய இடங்கள் இரண்டு: கையிருப்பில் இருந்த சேமப்படையை எங்கே அனுப்பியது, ஒரு முடிவை எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

முதலில் மாஜினோ அரண். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களை இழந்திருந்தது. பிரான்சின் மக்கள்தொகை சுமார் 4 கோடி. எதிரே ஜெர்மனியில், ஆஸ்திரியாவையும் சேர்த்துப் பார்த்தால், அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆள்பலத்தில் ஈடுகொடுக்க முடியாத நாடு கான்கிரீட்டைக் கொண்டு ஆட்களை மிச்சப்படுத்த நினைத்ததில் மடத்தனம் ஏதும் இல்லை. 1930-களில் கட்டிய அரண் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து லக்சம்பர்க் எல்லை வரை நீண்டது. அதற்கு மேற்கே பெல்ஜியம். எதிரியை அந்த வழியாகத் திருப்பிவிட்டு, பிரான்சின் மண்ணுக்கு வெளியே, பெல்ஜியத்தின் சமவெளியில் எதிர்கொள்வதுதான் கணக்கு. 1936-இல் பெல்ஜியம் நடுநிலைக்குத் திரும்பிக்கொண்டதால் அந்தக் கணக்கில் ஓட்டை விழுந்தது. போர் தொடங்கும் நாள்வரை பிரெஞ்சுப் படை பெல்ஜியத்துக்குள் கால் வைக்க முடியாது. தொடங்கியதும் ஓட்டமாக ஓடி அங்கே நிலைகொள்ள வேண்டும்.

அரணுக்கும் பெல்ஜியச் சமவெளிக்கும் நடுவில் ஆர்டென் என்னும் காட்டு மேடு இருக்கிறது. குறுகிய சாலைகள், செங்குத்தான பள்ளத்தாக்குகள், முடிவில் மியூஸ் ஆறு. பெரும் டாங்கிப் படை இதைக் கடக்க முடியாது என்று பிரெஞ்சுத் தலைமை நம்பியதாகச் சொல்வார்கள். அது அவ்வளவு எளிய கதை அன்று. போர் அமைச்சராக இருந்த மார்ஷல் பெத்தான் 1934-இல் செனட் குழுவிடம் பேசும்போது, உரிய ஏற்பாடுகளைச் செய்தால் ஆர்டென் கடக்க முடியாதது என்றார். நினைவில் தங்கியது அந்த வாக்கியத்தின் பின்பாதிதான். 1938-இல் தளபதி பிரெத்தலா நடத்திய வரைபடப் போர்ப் பயிற்சியில், ஜெர்மானியர் ஆர்டென் வழியாக வந்தால் 60 மணி நேரத்தில் மியூஸை எட்டுவார்கள் என்று கணக்கு வந்தது. 1940-இல் அவர்கள் எடுத்துக்கொண்டது 57 மணி நேரம். அதாவது எதிரி வருவான் என்பது தெரியும். வந்தபின் ஆற்றைக் கடக்கக் கனரகப் பீரங்கிகளையும் குண்டுகளையும் கொண்டுவந்து குவிக்க அவனுக்கு இன்னும் பல நாட்கள் பிடிக்கும், அதற்குள் நாம் ஆட்களை அனுப்பிவிடலாம் என்பது பிரெஞ்சுக் கணிப்பு. நான்கு ஆண்டு அகழிப் போரில் தாங்கள் கற்ற வேகத்திலேயே எதிரியும் நகர்வான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியின் முதல் திட்டமும் பெல்ஜியத்தின் வழியாக வருவதுதான். பிரான்ஸ் எதிர்பார்த்ததும் அதையே. 1940 ஜனவரி 10 அன்று ஒரு ஜெர்மானிய விமானம் வழிதவறிப் பெல்ஜியத்தில் மெகலன் அருகே இறங்கியது. அதில் இருந்த அதிகாரியிடம் தாக்குதல் திட்டத்தின் தாள்கள் இருந்தன. எரிக்க முயன்றும் முழுதும் எரியவில்லை. அந்தத் திட்டம் ஏற்கெனவே ஹிட்லருக்குப் பிடித்தமானதாக இல்லை. வெளியே கசிந்தும் போனதால் மாற்றுத் திட்டத்துக்கு இடம் கிடைத்தது. ஜெர்மானியத் தளபதி ருண்ட்ஷ்டெட்டின் படைத்தொகுதியில் தலைமைப் பணி அதிகாரியாக இருந்த எரிக் ஃபான் மான்ஸ்டைன், முக்கிய அடியை ஆர்டென் வழியாகக் கொடுக்கலாம் என்று மாதக்கணக்கில் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். தொல்லை தாங்காமல் அவரைக் கிழக்கே வேறு பதவிக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தை ஒட்டி பிப்ரவரி 17 அன்று ஹிட்லரைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் தலைமைப் படைத்துறை அவர் யோசனையை உள்வாங்கிப் புதுத் திட்டம் வகுத்துவிட்டது. வடக்கே ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் ஒரு படைத்தொகுதி ஆரவாரத்தோடு நுழையும். பிரான்சும் பிரிட்டனும் தங்கள் சிறந்த படைகளை அங்கே அனுப்பும். அந்தப் படைகளின் முதுகுக்குப் பின்னால், டாங்கிகளைக் கொண்ட பத்துக் கவச டிவிஷன்களில் ஏழு ஆர்டென்னைக் கடந்து கடலை நோக்கிப் பாயும்.

இது வெற்றிபெறும் என்று ஜெர்மானியத் தளபதிகளே பலர் நம்பவில்லை. ஜெர்மானியப் படையை நாம் செய்திப்படங்களில் பார்த்த உருவத்தில், முழுக்க இயந்திரமயமான படையாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். உண்மையில் கவச டிவிஷன்களையும் ஒருசில மோட்டார் டிவிஷன்களையும் தவிர்த்தால் மற்றதெல்லாம் கால்நடையாக வந்த காலாட்படை. பீரங்கிகளை இழுத்தவை குதிரைகள். டாங்கி எண்ணிக்கையிலும் ஜெர்மனி பின்தங்கியே இருந்தது. அதனிடம் சுமார் 2,400. பிரான்சிடம் மட்டும் போர்முனையில் சுமார் 3,200. ஜெர்மானிய டாங்கிகளில் பாதிக்கு மேல் சிறு ஆயுதம் தாங்கிய முதல் இரண்டு வகைகள். பிரான்சின் ஷார் பி-1 பிஸ் டாங்கியின் முன்பக்கக் கவசம் 60 மில்லிமீட்டர். அதை ஜெர்மானிய டாங்கிப் பீரங்கிகளால் எளிதில் துளைக்க முடியவில்லை.

ஆனால் அந்த டாங்கிக்குள் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நிலைமை மாறுகிறது. பெரும்பாலான பிரெஞ்சு டாங்கிகளில் மேல்கூண்டில் ஒரே ஆள். குண்டு போட்டு, குறிபார்த்து, சுட்டு, அதற்கிடையே வெளியே எட்டிப் பார்த்துத் தன் டாங்கியையோ அணியையோ வழிநடத்துவதும் அவர் வேலை. வானொலிக் கருவியும் பலவற்றில் கிடையாது. ஜெர்மானிய நடுத்தர டாங்கிகளில் மேல்கூண்டில் மூன்று பேர், வானொலியும் உண்டு. இதைவிடப் பெரிய வேறுபாடு, ஜெர்மனி தன் டாங்கிகளை ஒன்றாகக் குவித்தது. பிரான்ஸ் பாதியைக் காலாட்படைக்குத் துணையாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டது.

இனி அந்தச் சேமப்படை. பிரெஞ்சுத் தலைமைத் தளபதி மோரிஸ் காம்லென் முதலில் தீட்டிய திட்டப்படி, போர் தொடங்கியதும் படைகள் பெல்ஜியத்தில் டைல் ஆறு வரை முன்னேறும். ரீம்ஸ் நகரத்துப் பக்கம் ஏழாம் படை சேமமாக நிற்கும். ஜிரோ என்பவர் தலைமையில் இருந்த இதில் விரைவாக நகரும் இயந்திர டிவிஷன்களும் அடக்கம். இடத்தைப் பார்த்தால், ஆர்டென் முடியும் இடத்தில் மியூஸ் கரையில் இருக்கும் செடான் நகருக்கு எட்டும் தூரம். 1940 மார்ச்சில் காம்லென் அந்தப் படையை இடது கோடிக்கு மாற்றினார். பெல்ஜியத்தின் கரையோரமாக ஓடி, ஹாலந்தின் பிரெடா நகரை அடைந்து, டச்சுப் படையோடு கைகோக்க வேண்டும் என்பது புதுப் பணி. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி ஜார்ஜ், வடக்கே வருவது எதிரியின் திசைதிருப்பும் வேலையாக இருந்து உண்மையான அடி நடுவில் விழுந்தால் அதைத் தடுக்க ஆள் இருக்காது என்று முன்பே எழுத்து மூலம் எச்சரித்திருந்தார். காம்லென் கேட்கவில்லை. என் பார்வையில் பிரான்சின் தோல்வியில் இதைவிடக் கனமான தனி முடிவு எதுவுமில்லை. டச்சுப் படையில் சில டிவிஷன்களைக் காப்பாற்றுவதற்காக, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள இருந்த ஒரே வசதியைச் செலவழித்தார்கள். மே 11 அன்று ஜிரோவின் முன்னணிப் பிரிவுகள் பிரெடா பக்கம் சென்று சேர்ந்தபோது டச்சுப் படை அங்கிருந்து வடக்கே விலகிப் போயிருந்தது.

மாஜினோ அரணின் பின்னால் முப்பதுக்கும் மேற்பட்ட டிவிஷன்கள் அசையாமல் நின்றன. எதிரே ஜெர்மனி நிறுத்தியது இருபதுக்கும் குறைவு. ஆட்களை மிச்சப்படுத்தக் கட்டிய அரண் ஆட்களை விழுங்கியது என்றால் இந்த இடத்தில்தான் விழுங்கியது.

மே 10 அதிகாலை தாக்குதல் தொடங்கியது. எவால்ட் ஃபான் க்ளைஸ்டின் கவசப் படைத்திரள், 41,000 வாகனங்கள், ஆர்டென்னுக்குள் நான்கே சாலைகளில் நுழைந்தது. விரைவில் வரலாறு காணாத நெரிசல். வாகன வரிசையின் வால் ரைன் ஆறு வரை 250 கிலோமீட்டர் நீண்டது. பிரெஞ்சு வேவு விமானிகள் இரவில் விளக்கெரிய வரும் வரிசைகளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். தலைமை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டுவீச்சு விமானங்கள் வடக்கே போயின. அந்த நெரிசலின் மேல் இரண்டு நாள் குண்டு விழுந்திருந்தால் மான்ஸ்டைனின் பெயர் இன்று படைத்துறை மாணவர்களுக்கு எச்சரிக்கைப் பாடமாக இருந்திருக்கும்.

செடானில் மியூஸின் கரையைக் காத்தது ஐம்பத்தைந்தாம் டிவிஷன். முப்பது வயதைத் தாண்டிய, போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் நிறைந்த இரண்டாம் தரப் பிரிவு. குளிர்காலம் முழுக்கப் பயிற்சியைவிடப் பதுங்கறை கட்டும் வேலையில்தான் அவர்கள் அதிகம் ஈடுபட்டார்கள். அந்தப் பதுங்கறைகளும் பல முடியாமலே கிடந்தன. மார்ச் மாதத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் பியர் டெட்டாஞ்சே அந்தப் பகுதியைப் பார்வையிட்டு, இங்கே பாதுகாப்பு பலவீனமாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். இரண்டாம் படையின் தளபதி ஹன்ட்சிஜேர், அவசரமாக எதையும் செய்யத் தேவையில்லை என்று பதில் எழுதினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மே 13. ஜெர்மானியக் கவசப் படைத் தளபதி ஹைன்ஸ் குடேரியனின் படை ஆற்றங்கரையில் நின்றது. அவருடைய பீரங்கிகள் இன்னும் காட்டு நெரிசலில் சிக்கியிருந்தன. அதற்குப் பதிலாக விமானப்படை வந்தது. காலையிலிருந்து மாலைவரை அலை அலையாகக் குண்டுவீச்சு; ஸ்டூக்கா விமானங்கள் ஊளையிட்டுக்கொண்டு செங்குத்தாகப் பாய்ந்தன. செத்தவர்கள் ஒப்பளவில் அதிகமில்லை. ஆனால் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன, பீரங்கிகளில் இருந்தவர்கள் தலை தூக்கவில்லை. எதிரியின் உண்மையான தாக்குதலுக்கு இன்னும் நாட்கள் இருப்பதாக நினைத்துப் பிரெஞ்சுத் தரப்பு குண்டுகளையும் சிக்கனமாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது. பிற்பகல் நான்கு மணிக்கு ஜெர்மானியக் காலாட்படையினர் ரப்பர் படகுகளில் ஆற்றைக் கடந்தார்கள். மாலையில் புல்சோன் பக்கம் ஒரு வதந்தி கிளம்பியது: டாங்கிகள் வந்துவிட்டன! பீரங்கிப் படையினர் ஓடத் தொடங்கினார்கள், பிறகு மற்றவர்களும். அந்த நேரத்தில் ஒரு ஜெர்மானிய டாங்கிகூட ஆற்றைக் கடந்திருக்கவில்லை. பாலமே நள்ளிரவு வாக்கில்தான் முடிந்தது.

சிப்பாய்கள் ஓடியதைப் பேசுகிறவர்கள் அன்றிரவு அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பதைப் பேசுவதில்லை. எதிர்த்தாக்குதல் நடத்துவதற்கென்று பின்னால் டாங்கிப் பட்டாலியன்களும் காலாட்படை ரெஜிமெண்டுகளும் இருந்தன. டிவிஷன் தளபதி லாஃபோந்தேன் எழுத்தில் உத்தரவு வர வேண்டும் என்று காத்திருந்தார். சாலைகள் அகதிகளாலும் ஓடிவந்தவர்களாலும் அடைபட்டிருந்தன. இரவு முழுக்க வீணானது. காலையில் அவர்கள் புறப்பட்டபோது, பாலத்தைத் தாண்டிய முதல் ஜெர்மானிய டாங்கிகள் சற்றே முந்திக்கொண்டு மேட்டை அடைந்திருந்தன. எதிரே குடேரியன் தன் அணிகளுக்கு வானொலியில் நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மட்டத்திலும் அதிகாரி முன்வரிசையில் நின்று தானே முடிவெடுத்தார். வட திசையில் டினான் அருகே இன்னொரு ஜெர்மானியக் கவசத் தளபதி எர்வின் ரோம்மலும் அதே 13-ஆம் தேதி ஆற்றைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் குடேரியன் தன் இரண்டு கவச டிவிஷன்களை மேற்கே, கடலை நோக்கித் திருப்பினார். பாலத்துக்குத் தெற்கே இருந்த ஸ்டோன் மேட்டை ஒரு டிவிஷனிடமும் ஒரு ரெஜிமெண்டிடமும் விட்டுவிட்டுப் போனது துணிச்சலா அலட்சியமா என்று இன்றும் வாதிடலாம். பிரான்சின் மூன்றாம் கவச டிவிஷன் அங்கே வந்துகொண்டிருந்தது. 14-ஆம் தேதியே தாக்கும்படி உத்தரவு இருந்தும், தளபதி ஃபிளாவிஞி எரிபொருள் நிரப்பத் தாமதமானதைக் கண்டு தாக்குதலை ஒத்திவைத்து, டாங்கிகளைத் தடுப்புக் கட்டைகளைப்போல் நீண்ட கோட்டில் பரப்பிவிட்டார். ஸ்டோன் கிராமம் அடுத்த மூன்று நாளில் பதினேழு முறை கைமாறியது. 16-ஆம் தேதி ஷார் பி-1 பிஸ் டாங்கி ஒன்று தனியாக ஊருக்குள் நுழைந்து 13 ஜெர்மானிய டாங்கிகளை அழித்தது. 140 அடிகள் வாங்கியும் நிற்காமல் திரும்பியது. டாங்கியும் சரியில்லை, ஆளும் சரியில்லை என்பவர்கள் இந்த ஊரை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

ஹன்ட்சிஜேர் இதே நேரத்தில் தன் படையின் இடதுபக்கத்தைத் தெற்கு நோக்கி மடக்கினார். மாஜினோ அரணின் முனையை எதிரி பின்னாலிருந்து சுருட்டிவிடுவான் என்ற பயம். அவனோ மேற்கே போய்க்கொண்டிருந்தான். இந்த மடிப்பால் பக்கத்தில் இருந்த ஒன்பதாம் படைக்கும் இவருக்கும் நடுவே இடைவெளி இன்னும் அகன்றது. ஒன்பதாம் படையைக் காப்பாற்ற அதன் தளபதி கொராப்பை நீக்கிவிட்டு யாரைப் போட்டார்கள் தெரியுமா? ஹாலந்துவரை போய்த் திரும்பிய அதே ஜிரோவை. 19-ஆம் தேதி அவர் கைதியானார்.

16-ஆம் தேதி சர்ச்சில் பாரிசுக்குப் பறந்து வந்தார். வெளியுறவு அமைச்சகத் தோட்டத்தில் கோப்புகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். சேமப்படை எங்கே என்று அவர் பிரெஞ்சில் கேட்டார். காம்லென் தலையை அசைத்து, ஒன்றும் இல்லை என்றார். தாளில் டிவிஷன்கள் இருக்கவே செய்தன. உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போகக்கூடியவை இல்லை. காம்லெனின் தலைமையகம் பாரிசை ஒட்டிய வென்சென் கோட்டையில் இருந்தது. அங்கே வானொலி நிலையம் கிடையாது. உத்தரவுகள் தொலைபேசியிலும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் போயின. களத்தின் பொறுப்பு ஜார்ஜிடம் என்று வேலையையும் பிரித்திருந்தார். 19-ஆம் தேதி காம்லென் ஒரு எழுத்து உத்தரவு பிறப்பித்தார். நடக்கும் சண்டையின் நிர்வாகத்தில் தலையிட விரும்பாமல் என்று அது தொடங்கியது. அன்று மாலையே அவரை நீக்கி 73 வயதுத் தளபதி வேகாண்டை நியமித்தார்கள்.

எதிரிப் பக்கமும் கலக்கம் இருந்தது. 17-ஆம் தேதி ஹிட்லர் தன் வெற்றியைக் கண்டு தானே பயப்படுகிறார் என்று தலைமைப் படைத்துறைத் தலைவர் ஹால்டர் நாட்குறிப்பில் எழுதினார். நீண்டு மெலிந்த அந்தக் கவச நிரலின் பக்கவாட்டில் பிரான்ஸ் அடிக்கும் என்பதே பயம். குடேரியனை நிற்கச் சொன்னார்கள். அவர் பதவியை விடுவதாகச் சொன்னார். வேவு பார்க்கலாம் என்ற சாக்கில் மீண்டும் ஓடினார். பக்கவாட்டு அடி வரவே இல்லை என்று சொல்ல முடியாது. மோன்கோர்னேயில் பிரெஞ்சு அதிகாரி டி கோல் அரைகுறையாகத் திரட்டிய டாங்கிகளோடு அடித்தார், 21-ஆம் தேதி அராஸில் பிரிட்டிஷார் அடித்தார்கள். எல்லாம் சிறு அளவில், தனித்தனியாக. 20-ஆம் தேதி இரவு ஜெர்மானியர் ஆபெவீல் வழியாகக் கடலை எட்டிவிட்டார்கள். பிரான்சின் சிறந்த படைகளும் பிரிட்டிஷ், பெல்ஜியப் படைகளும் பைக்குள் அகப்பட்டன.

டன்கர்க்கை எல்லோரும் அறிவார்கள். 3,38,000 பேர் கடல் வழியே தப்பினார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள் என்பதும், லீல் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய பிரெஞ்சுப் படை மே 31 வரை பல ஜெர்மானிய டிவிஷன்களைப் பிடித்து வைத்திருந்ததும் ஆங்கிலேயர் சொல்லும் கதையில் சற்று மங்கியே தெரியும்.

ஜூன் 5 அன்று இரண்டாம் கட்டத் தாக்குதல் தொடங்கியபோது பிரான்சிடம் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட டிவிஷன்களே மிஞ்சியிருந்தன. எதிரே நூறுக்கு மேல். சோம் ஆற்றங்கரையில் முதல் சில நாட்கள் பிரெஞ்சுக்காரர்கள் மே மாதத்தைவிட உறுதியாக நின்றார்கள் என்பது ஜெர்மானியப் பதிவுகளிலேயே இருக்கிறது. கணக்கு வேறாக இருந்தது. அரசு 10-ஆம் தேதி பாரிசை விட்டது, அன்றே இத்தாலியும் போர் அறிவித்தது, 14-ஆம் தேதி பாரிசில் ஜெர்மானியர் நுழைந்தார்கள். சாலைகளில் அறுபது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் தெற்கு நோக்கி ஓடினார்கள். படை நகரவேண்டிய சாலைகளும் அவையே.

அரசு போய்ச் சேர்ந்த போர்தோ நகரில் அமைச்சரவை இரண்டாகப் பிளந்தது. வட ஆப்பிரிக்காவுக்குச் சென்று போரைத் தொடரலாம் என்றார் ரெனோ. அரசுதான் போர்நிறுத்தம் கேட்க வேண்டும், படை மட்டும் சரணடையாது என்று வேகாண்ட் அடம்பிடித்தார். தோல்வியின் பழி தளபதிகள் மேல் விழாமல் குடியரசின் மேல் விழுவதற்கான வழி அது. ஜூன் 16 இரவு 84 வயது பெத்தான் பிரதமரானார். குழந்தைகள் குறைவு, ஆயுதங்கள் குறைவு, கூட்டாளிகள் குறைவு என்று நான்கு நாள் கழித்து வானொலியில் தோல்விக்குக் காரணம் சொன்னார். இருபது ஆண்டுகளாகப் படைக் கோட்பாட்டை வகுத்த முதியவர்களில் முதல்வர் தாமே என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஜூன் 22 அன்று கொம்பியேன் காட்டில், 1918-இல் ஜெர்மனி கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியில், பிரான்ஸ் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. குழுவின் தலைவர் ஹன்ட்சிஜேர். செடான் அவர் பொறுப்பில்தான் விழுந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் இந்தச் செய்தியைக் கேட்டு எந்தப் பக்கம் போவது என்று சில வாரம் திணறின. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருந்ததால் அதிகம் யோசிக்க இடமில்லை. ஆளுநர் லூயி போன்வேன் செப்டம்பரில், லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த டி கோல் பக்கம் சேர்ந்தார்.

இறந்த பிரெஞ்சுச் சிப்பாய்களின் எண்ணிக்கையைப் பழைய நூல்கள் 90,000 என்கின்றன. பிந்தைய ஆய்வுகள் ஏறத்தாழ 60,000 என்கின்றன. கைதானவர்கள் 18 லட்சம். இதில் பெரும்பங்கு செடானிலோ டன்கர்க்கிலோ பிடிபட்டவர்கள் அல்லர். ஜூன் 17 நண்பகலில் பெத்தான் வானொலியில் சண்டையை நிறுத்த வேண்டியிருக்கிறது என்று பேசினார். ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஐந்து நாள் இருந்தது, அமலுக்கு வர எட்டு நாள். கேட்ட சிப்பாய்கள் போர் முடிந்தது என்று நினைத்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஜெர்மானியர் அவர்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளிச் சென்றார்கள். பத்திரிகைகளில் அந்த வாக்கியம் நிறுத்த முயல வேண்டும் என்று திருத்தப்பட்டு வந்தது. திருத்தம் படைகளை எட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, அமைதி உடன்படிக்கை ஏற்படும்வரை போர்க்கைதிகள் ஜெர்மனியிடமே இருப்பார்கள் என்றது. அதில் கையெழுத்திட்டவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிரிட்டனும் சில வாரத்தில் பணிந்துவிடும், கோடை முடிவதற்குள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர்கள் கணிப்பு. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் 1945 வரை ஜெர்மனியின் பண்ணைகளிலும் தொழிற்சாலைகளிலும் முகாம்களிலும் இருந்தார்கள்.